முகம் வெளியே, வால் உள்ளே

11 ஜனவரி

அன்புள்ள வாயாடிக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நான் இரும்பு மாதிரி இருக்கிறேன். நீ, மாப்பிள்ளை, என் அக்கா மூன்று பேரும் சுகம்தானே? அக்காவுக்கு இருமல் நின்றதா? நிற்காவிட்டாலும் நின்றதாக எழுது, எனக்குத் தூக்கம் வரும்.

லாரி ஓட்டுவதை விட்டுவிட்டேன். கண் மங்கிவிட்டது, லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டேன் என்றார்கள் என்று ஒரு பேச்சு உன் காதுக்கு வரும். நம்பாதே. எதிரே வருகிற டிரைவரின் மூக்கில் மச்சம் இருந்தால்கூட எனக்குத் தெரியும். முப்பது வருஷம் ஓடுகிற பொருளோடு மாரடித்தாயிற்று, இனி நிற்கிற பொருளாக ஒன்று செய்வோம் என்று நானேதான் முடிவெடுத்தேன்.

இங்கே மலைச் சரிவில் ஒரு பெரிய பழத்தோட்டம். மண் சரியாமல் இருக்கப் படிப்படியாகக் கல் சுவர் கட்டுகிறார்கள். சிமெண்ட் கிடையாது, களிமண் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கல் மேல் கல், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் தொழில் பழகச் சேர்ந்துவிட்டேன். பழக என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். என்னைப் பார்த்ததும் அவர்களுக்கு உயிர் வந்தது.

எங்கள் மேஸ்திரி ஒரு பெண். உன்னைவிட வயது குறைவு, என்னைவிடக் குரல் அதிகம். முதல் நாளே என் கையைப் புரட்டிப் பார்த்து, "இது ஸ்டியரிங் புடிச்ச கை. கல்லு புடிக்க நாளாகும்" என்றாள். ஒரே பார்வையில் என் அனுபவத்தைக் கண்டுகொண்டாள் பார்.

அக்காவிடம் சொல், தம்பி கல்லில் கை வைத்துவிட்டான் என்று.

இப்படிக்கு,
மலையை அடுக்கும் உன் மாமன்


2 பிப்ரவரி

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவுக்கு இருமல் நிஜமாகவே நின்றுவிட்டது. உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மா கேட்டுவிட்டு, இவனுக்கு லைசென்ஸ் போனால் என்ன, வாய்க்கு யாரும் லைசென்ஸ் கேட்பதில்லையே என்று சிரித்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாங்கள் புது வீட்டுக்கு வந்தாயிற்று. வீடு சரிவில் இருக்கிறது. சமையலறைக் கதவைத் திறந்தால் ஒரு சின்னக் கொல்லை, அதைத் தாண்டினால் வெட்டிவிட்ட மண் மேடு, ஆள் உயரத்துக்கு மேலே. கதவைத் திறக்கும்போதெல்லாம் மண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. மழைக்கு முன்னால் சுவர் எழுப்பியாக வேண்டும். இவர் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினார். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

மாமா, உங்களால் முடியுமா?

உங்கள்
வாயாடி


20 பிப்ரவரி

அன்புள்ள வாயாடிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத நினைத்தேன். உன் கேள்வியைப் படித்ததும் நலம் இரட்டிப்பாகிவிட்டது. முடியுமாவா? கொத்தனாருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடு. மாமன் வருவான்.

இப்போது என்னை ஒரு தனிப் பொறுப்பில் வைத்திருக்கிறார்கள். இந்தச் சுவருக்கு முன்னும் பின்னும் பெரிய கல், நடுவில் சந்து. அந்தச் சந்தில் சின்னச் சின்னக் கல்லாக, ஆடாமல், ஒவ்வொன்றாகக் கையால் இறுக்க வேண்டும். வாரிக் கொட்டினால் பிடிக்காது. வெளியே ஒருவர் கண்ணுக்கும் தெரியாத வேலை. மற்றவர்கள் எல்லாம் வெளிக்கல் வைக்கிறார்கள், பாவம், அது எவன் வேண்டுமானாலும் வைக்கலாம். வந்த நாளிலிருந்து எனக்கு இதே பொறுப்புதான். "இன்னும் கொஞ்ச நாள் இதையே பாருங்க" என்று மேஸ்திரியம்மா கெஞ்சுகிறாள்.

நேற்று ஒரு கல்லை ஒற்றைக் கையால் தூக்கினேன். மாட்டு வண்டி அளவு இருக்கும். சரி, மாட்டின் தலை அளவு.

அக்கா ஏன் கண்ணைத் துடைத்தாள்? சமையலறையில் புகை என்று நினைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாட்டு வண்டித் தூக்கி


9 ஏப்ரல்

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீட்டில் கொஞ்சம் பேச்சுவார்த்தை.

கொத்தனார் இரண்டாவது தடவையும் வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவருக்குக் கோபம். "உங்க மாமா வாயாலேயே கட்டிடுவாரு, கல்லு எதுக்கு?" என்றார். எனக்கும் கோபம் வந்து, கல்யாணத்தன்று பஸ் நின்றுபோனபோது பாதி ராத்திரியில் லாரியைக் கொண்டுவந்து இவர் வீட்டாரை ஏற்றி வந்தது யார் என்று கேட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சில்லை. இப்போது சரியாகிவிட்டது. ஆனால் சுவர் என்றால் மட்டும் இரண்டு பேரும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறோம்.

ஒன்று கேட்கிறேன், வருத்தப்படக்கூடாது. மண்ணைத் தாங்குகிற சுவர் நீங்கள் தனியாகக் கட்டியிருக்கிறீர்களா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும். இல்லை என்றாலும் பரவாயில்லை, கொத்தனாரிடம் நானே போய்க் கேட்டுக்கொள்கிறேன். அம்மா துணி காயப் போடுகிற இடம் அந்த மேட்டுக்கு அடியில்தான்.

உங்கள்
வாயாடி


1 மே

அன்புள்ள வாயாடிக்கு,

எல்லோரும் நலம்தானே? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கோபக்காரர் நல்லவராகத்தான் இருப்பார்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாய். மாமனிடம் ஒரு வார்த்தை என்றைக்கு இருந்திருக்கிறது? ஒரு சம்பவம் சொல்கிறேன், நீயே முடிவு செய்துகொள்.

ஒவ்வொரு கல்லுக்கும் முகம் என்று ஒன்று, வால் என்று ஒன்று உண்டு. நீளத்தை வாலாக உள்ளே விட வேண்டும், சின்ன முகம் வெளியே தெரிந்தால் போதும் என்பது இவர்கள் சட்டம். போன வாரம் எனக்கும் வெளிக்கல் கொடுத்தார்கள். நான் யோசித்தேன். வழுவழுவென்று நீளமான கல், அதைக் கொண்டுபோய் உள்ளே ஒளித்து வைப்பானேன்? கல்யாணப் பெண்ணை அலமாரியில் வைத்துப் பூட்டுவார்களா? நீளத்தை வெளியே போட்டேன். ஒரு கல் மூன்று கல் இடத்தை அடைத்தது. மதியத்துக்குள் என் பங்கு முடிந்து, பளிங்கு மாளிகை மாதிரி நின்றது.

மேஸ்திரியம்மா வந்து பார்த்தாள். பேச்சே வரவில்லை. பிறகு அத்தனை பேரையும் கூப்பிட்டு என் சுவரைச் சுற்றி நிற்க வைத்து, ஒவ்வொரு கல்லாக எடுத்துக் காட்டிப் பாடம் நடத்தினாள். அடிக்கல் வரைக்கும் எடுத்தாள். என் சுவரை வைத்து இத்தனை பேர் படித்திருக்கிறார்கள், நீ என்னைப் போய்க் கேட்கிறாய்.

ஜூன் முதல் வாரம் வருகிறேன். கல்லை மட்டும் இறக்கி வை. நீளமானதாகப் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
கல் பாடசாலை


14 ஜூலை

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று தபால் அட்டை கிடைத்தது. நீங்கள் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. இவர்கூட, "அந்த மனுஷன் இருந்தா ஒரு சத்தமாவது இருக்கும்" என்றார்.

சுவரைப் பார்க்கத் தெருவே வந்து போகிறது. எதிர் வீட்டு டீச்சர் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, கலவையே இல்லாமல் எப்படி நிற்கிறது என்று கேட்டார். எங்கள் மாமா கட்டியது என்றேன். அதைச் சொல்லும்போது இவரைப் பார்த்தேன். தலையாட்டினார். இத்தனை வருஷத்தில் உங்கள் விஷயத்தில் இவர் தலையாட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அம்மா தினமும் காலையில் காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், சுவருக்கு எதிரே நின்று குடிக்கிறாள். கேட்டால் வெயில் நன்றாக இருக்கிறதாம். அந்தப் பக்கம் வெயிலே வருவதில்லை.

ஒரு சின்னச் சந்தேகம். நடுவில் இடுப்பு உயரத்தில் மூன்று நான்கு கல் கொஞ்சம் முன்னால் வந்த மாதிரி தெரிகிறது. முதலிலிருந்தே அப்படித்தானா? என் கண்ணில்தான் கோளாறா?

உங்கள்
வாயாடி


3 ஆகஸ்ட்

அன்புள்ள வாயாடிக்கு,

சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

சுவர் என்றால் மூச்சு விடும். உயிருள்ள பொருள். சாப்பிட்டு எழுந்தால் உனக்கும் எனக்கும் வயிறு கொஞ்சம் முன்னால் வருவதில்லையா, அது மாதிரி மண் பாரம் உட்கார்ந்ததும் கல் தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். இதையெல்லாம் பார்த்துப் பயந்தால் சுவருக்கே சிரிப்பு வந்துவிடும். மாப்பிள்ளையிடம் சொல்லாதே, அவர் கோணல் பார்க்க ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

எதிர் வீட்டு டீச்சர் வேறு என்ன சொன்னார்? முழுசாக எழுது. அக்கா நிஜமாகவே தினமும் நிற்கிறாளா? சின்ன வயதில் நான் எது செய்தாலும், போதும்டா, கையைக் கழுவிட்டு வா என்பாள். அவளா காப்பியோடு நிற்கிறாள்?

மேஸ்திரியம்மா அன்றைக்கு, "ஊருக்குப் போயி என்ன கட்டுனீங்க?" என்று கேட்டாள். எல்லாம் கட்டினேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பெருமையை எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும் அல்லவா?

இப்படிக்கு,
தெருவே வந்து பார்த்த சுவரின் சொந்தக்காரன்


22 நவம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். நீங்கள் செப்டம்பரில் போட்ட கடிதம், அக்டோபரில் போட்ட இரண்டு கடிதம், எல்லாம் கிடைத்தன. மழை, வேலை, ஒன்று மாற்றி ஒன்று. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இங்கே மழை இந்த வருஷம் பலம். சுவர் நன்றாக நிற்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டாம். எவ்வளவு மழை பெய்தாலும் அடியில் இருக்கிற குழாய்களில் தண்ணீர் அழகாக வடிந்து ஓடிவிடுகிறது. சமையலறைப் பக்கம் ஈரமே இல்லை.

அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். கொல்லைப் பக்கம் இப்போது அதிகம் போவதில்லை, மழைக்காலம்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயாடி


1 டிசம்பர்

வாயாடிக்கு,

சுகம் விசாரித்து எழுத வரவில்லை.

நான் கட்டின சுவரில் குழாய் கிடையாது. கல் சுவருக்குக் குழாய் வேண்டாம். தண்ணீர் கல் இடுக்கு வழியாகத் தானே வெளியே வந்துவிடும். சிமெண்ட் வைத்து அடைத்த சுவருக்குத்தான் அடியில் குழாய் விடுவார்கள்.

எப்போது விழுந்தது? அக்கா எங்கே இருந்தாள்?

மாமன்


16 டிசம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

குழாயைப் பற்றி எழுதும்போது, அது காட்டிக்கொடுத்துவிடும் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதாமல் இருந்திருக்கலாம்.

செப்டம்பர் கடைசியில் விழுந்தது. நான்கு நாள் விடாத மழை. அந்த வயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது. இவர் பார்த்துவிட்டு, கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றார். மாமா எழுதியிருக்கிறார், சுவர் மூச்சுவிடும் என்று நான் சொன்னேன். நீங்கள் எழுதினதை அப்படியே நான் சொன்னேன் மாமா. உங்களை நம்பினதால் மட்டும் இல்லை. இவர் சொன்னது சரியாகிவிடக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

அன்று மத்தியானம் மழை சற்று விட்டது. அம்மா கொடியில் துணி போடப் போனாள். சத்தம் கேட்டு நான் ஓடினபோது நடுப்பாகம் முழுக்கச் சரிந்து, பின்னால் மண் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் இடது காலின் மேல் நீளமான கல் ஒன்று. அதை இவர்தான் தூக்கினார். பாதத்தில் எலும்பு பல இடத்தில் நொறுங்கியிருக்கிறது. தகடு வைத்திருக்கிறார்கள். ஊன்றி நடக்க முடியுமா என்று இப்போதைக்குச் சொல்ல மாட்டோம் என்கிறார்கள்.

கொத்தனார் வந்து மீதியையும் பிரித்துவிட்டு சிமெண்ட் சுவர் கட்டினார். இவர் ஒரு வார்த்தைகூட என்னைக் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உங்களுக்குச் சொல்லக் கூடாது என்றது அம்மா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அவன் வாழ்க்கையில கட்டுனது அது ஒண்ணுதாண்டி. நிக்குதுன்னே எழுது" என்றாள். எனக்கு உடனே எழுத வரவில்லை. அதனால்தான் உங்கள் மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை.

திட்டி எழுதுங்கள். எப்போதும் போலக் கதை அளந்து எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
வாயாடி


30 மார்ச்

அன்புள்ள வாயாடிக்கு,

இருக்கிறேன். அங்கே எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதம் வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. பலமுறை உட்கார்ந்தேன். பேனா பிடித்தால் முதல் வரியே பெருமையாக வருகிறது. வேறு மாதிரி எழுதிப் பழக்கமில்லை. கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன்.

ஏப்ரலில் நீ ஒரு வார்த்தை கேட்டாய். இல்லை என்பதுதான் அந்த வார்த்தை. ஊருக்குக் கிளம்புகிற அன்று மேஸ்திரியம்மா வாசல் வரைக்கும் வந்து, "வேலி ஓரமா முழங்கால் உயரம் எதாவது கட்டுங்க. மண்ணு தாங்குற சுவர்ல கை வெக்காதீங்க, இன்னும் உங்களுக்கு வரல" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். வயிறு தள்ளின சுவர் எப்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரியும். இங்கே நான் கட்டினதை அவள் பிரித்துக் காட்டினபோது அதைத்தான் காட்டினாள். நீ ஜூலையில் எழுதினபோதே தெரியும். தெரிந்துதான் மூச்சு என்று எழுதினேன். அப்போது வந்து பிரித்திருந்தால் ஒரு நாள் வேலை. ஆனால் எதிர் வீட்டு டீச்சர் தடவிப் பார்த்த சுவர். மாப்பிள்ளை தலையாட்டின சுவர். அக்கா காப்பியோடு வந்து நிற்கிற சுவர். அதை என் கையாலேயே பிரிக்க மனசு வரவில்லை.

மேஸ்திரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நின்றேன். "எந்தக் கல்லு விழுந்துச்சு, நீளமா போட்டதா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். இப்போது காலையில் வந்தால் சாயங்காலம் வரைக்கும் நடுச்சந்தில் சின்னக் கல் இறுக்குகிறேன். வேறு எதையும் கேட்பதில்லை.

வந்து அக்காவைப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் வருகிறேன் என்று எழுதப் பார்த்தேன், கை போகவில்லை. அந்தக் காலை எந்த முகத்தோடு பார்ப்பேன்? வந்தால் சொல்லாமல்தான் வருவேன். மாப்பிள்ளை கதவைத் திறந்தால், உள்ளே வா என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியே நிற்க எனக்குத் தெரியும்.

கதை அளந்து எழுதச் சொன்னாய். பார்க்கிறேன். நேற்று நான் இறுக்கின கல்லை மேஸ்திரியம்மா கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்தாள், அசையவில்லை, கடப்பாரைதான் வளைந்தது. அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டு. கடப்பாரை வளையவில்லை என்பதை அவளிடம் சொல்லாதே.

அக்கா காலை ஊன்றுகிறாளா? எத்தனை எட்டு நடக்கிறாள்? வலியில் இரவு முனகுகிறாளா? இதற்கு மட்டும் உள்ளதை உள்ளபடி எழுது. இந்த வீட்டில் பொய் எழுதுகிற வேலை என்னோடு இருக்கட்டும். உனக்கு அது வரவில்லை.

மாமன்